வழக்கமான மதிய உணவு

கடைசிப் பாத்திரம் அடுப்பிலிருந்து இறங்கும்போது காலை மணி ஆறு. "மூடியை இப்பவே போட்டுடாதே, வேர்த்துடும்" என்றார் பெரியவர்.

"எனக்குச் சொல்லித் தர்றீங்களா? முதல்ல உங்க பொத்தானைச் சரியாப் போடுங்க" என்றாள் மனைவி.

மேல் பொத்தான் கீழ்த் துளையில் ஏறியிருந்தது. கோபம் இருக்கிற நாட்களில் அவர் விரல்கள் இப்படித்தான் தடுமாறும். வாய் மட்டும் ஒரு சொல் பிசகாது.

மூன்று நாளாக இந்தச் சமையல் பேச்சுதான். மகள் போனில் ஆரம்பித்து வைத்தாள். "அப்பா, தலைமை ஆபீஸ்லேர்ந்து மேடம் வர்றாங்க. அங்க வேலை செய்யற ஒவ்வொரு ஊர்க்காரரும் மதியம் என்ன சாப்பிடுவாங்கன்னு மேசையில வெச்சுக் காட்டப் போறாங்களாம். எல்லாம் அவரோட யோசனை. நம்ம வீட்டுச் சாப்பாடு நடுவுல இருக்கணும்னு சொல்லிட்டாரு. மானத்தை வாங்கிடாதீங்க."

'அவர்' என்றால் அவள் கணவன், பெரியவரின் மாப்பிள்ளை. ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் துணை மேலாளர். அதே கூடத்தில்தான் பெரியவர் முப்பத்தோரு வருஷமாக ரோலர் ஓட்டுகிறார். சூடான உருளைகளுக்கு நடுவே ஈரத்துணியை ஒரு பக்கம் விட்டால், மறுபக்கம் தேய்த்த துணியாக வரும். மாப்பிள்ளை அங்கே வந்து நாலு வருஷம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் முதல் தட்டு அவருக்கு. தண்ணீரைப் பெரியவரே ஊற்றுவார். கட்டிக் கொடுத்த வீட்டு மனிதனை நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொன்னாலும் அது மகள் முகத்தில்தான் வந்து அறையும் என்பது அவர் எண்ணம்.

ஆறு மாதம் முன்பு அந்த மாப்பிள்ளையின் கையெழுத்தோடு சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சாப்பாட்டு நேரம் இனி நாற்பத்தைந்து நிமிடம் இல்லை, பதினைந்து.

அதற்கு முன் சாப்பாட்டு அறையின் நீள மேசையில் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வழக்கம். கொதிகலன்காரர் தன் சொந்தக் கத்தியால் ரொட்டியை அறுத்து வைத்துக்கொண்டால் கடைசித் துண்டு வரை பேச மாட்டார். சாப்பிடும்போது பேசுவது அவர் ஊரில் மரியாதைக் கேடு. அவருக்கு எதிரிலேயே உட்காரும் மடிப்புக்காரிக்கோ பேசாமல் சாப்பிட்டால் தொண்டையில் இறங்காது. அதோடு, எல்லாருடைய டப்பாவும் திறந்த பிறகுதான் அவள் தன்னுடையதைத் திறப்பாள். தொட்டியில் வேலை செய்கிற அம்மாவுக்குச் சாப்பாடு என்பது கை கழுவுவதோடு முடிவதில்லை. மேசையில் தலை வைத்துப் பத்து நிமிடம் தூங்கி எழ வேண்டும். "இவ குறட்டைதான் நமக்குத் தாளிப்பு" என்பாள் மடிப்புக்காரி. கொதிகலன்காரர்கூட அப்போது வாய்க்குள் ரொட்டியோடு சிரித்துவிடுவார்.

பதினைந்து நிமிடத்தில் வெளுப்புக் காரம் போக முழங்கை வரை கழுவ நாலு நிமிடம். அறைக்குப் போக இரண்டு, திரும்ப இரண்டு. மிச்சம் ஏழு. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு பேச்சு. பிறகு ஒவ்வொருவராக அந்த அறைக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். அவரவர் இயந்திரத்தடியில் நின்று எதையாவது மென்றார்கள். பெரியவர் சட்டைப் பையில் இரண்டு பிஸ்கட். வீட்டுக்குத் தெரிந்தால் மனைவி கேட்பாள், மனைவி கேட்டால் மகளுக்குப் போகும் என்று, கட்டிக் கொடுத்த டப்பாவை மாலையில் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து காலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். திருடனைப் போல. தன் வீட்டுச் சோற்றை.

இத்தனைக்கும் அவர்கள் தேய்த்தது என்ன? மேசை விரிப்புகள். இரண்டு மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் எண்ணெயும் சாறும் பட்ட விரிப்புகள்.

"உங்க மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?" என்று மடிப்புக்காரி ஒருநாள் கேட்டாள்.

"வேலை விஷயம் வேற, வீட்டு விஷயம் வேறம்மா."

"வயிறு எதுல சேரும்ணே?"

பெரியவர் அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்து உருளைக்குள் விட்டார்.

இன்று பன்னிரண்டு மணிக்குத் தூக்குச்சட்டியோடு கூட்ட அறைக்குப் போனார். பூக்கள், பளபளப்பான தட்டுகள், ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஓர் அட்டை. நடுவில் இருந்ததில் அவர் பெயர். கீழே, 'இவர் வழக்கமாக மதியம் உண்பது'.

மாப்பிள்ளை கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு வந்தார். "வாங்க மாமா. அத்தை அசத்தியிருப்பாங்களே! இப்படி நடுவுல வெச்சுட்டு நீங்க ரோலருக்குப் போயிடுங்க."

"சாப்பிட எப்ப வரணும்?"

"ஐயோ, இது மேடத்துக்கும் ஆபீஸ் ஆளுங்களுக்கும் மாமா. அவங்க வர்றப்ப லைன் ஓடிட்டிருக்கணும். மிச்சம் இருந்தா சாயங்காலம் கொடுத்து அனுப்பறேன்."

மிச்சம். அவர் வீட்டு அடுப்பில் விடியும் முன்னால் எழுந்து ஆக்கியதில், அவருக்கே மிச்சம். அவர் தகப்பன் காலத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் யார் எச்சிலுக்கும் காத்திருந்ததில்லை. காது மடல் சுட்டது. "சரி மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளை போகும்வரை காத்திருந்தார். அட்டையை மறுபடி ஒரு முறை படித்தார். தன் பெயருக்குக் கீழே ஒரு பொய் இருக்க அவர் சம்மதித்ததில்லை. பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டையும் எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தார். தூக்குச்சட்டியோடு ரோலருக்குத் திரும்பினார்.

அரை மணி நேரத்தில் தலைமை ஆபீஸ் அம்மா வந்துவிட்டாள். பின்னால் மாப்பிள்ளை, முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கோ அது ஏதோ பழைய பழக்கம் என்ற நினைப்பு. தட்டைக் கையிலேயே ஏந்தி வந்திருந்தாள்.

"இது உங்களுதா? ரொம்ப எளிமையா இருக்கே. இதை எப்படிச் சாப்பிடுவீங்க?"

"நின்னுக்கிட்டும்மா."

"காட்ட முடியுமா?"

"மாமா, வேணாம்" என்றார் மாப்பிள்ளை, பல்லிடுக்கில்.

பெரியவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் கவ்வினார். இரண்டு கையாலும் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உருளைக்குள் விட்டார். விட்டபடியே மென்றார். துணி ஓட ஓட மென்றார். பொடி மார்பில் உதிர்ந்தது. கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் சிரிப்பும் மெல்ல அவிந்தது.

"எத்தனை நிமிஷம் கொடுக்கறீங்க?" என்று மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"பதினைஞ்சு… மேடம், உற்பத்தி அளவு…"

"அவரைக் கேக்காதீங்கம்மா" என்றார் பெரியவர். குரல் உயரவில்லை. "அவர் எங்க வீட்டு மாப்பிள்ளை. அவரைப் பத்தி நான் பேச மாட்டேன். என் சாப்பாட்டைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். இதுக்கு முன்னாடி உக்காந்து சாப்பிட்டேன். நாங்க பன்னிரண்டு பேரும். இப்ப இதுதான்."

பிறகு ரோலரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். முப்பத்தோரு வருஷத்தில் துணி உள்ளே இருக்கும்போது அவர் அதைத் தொட்டதில்லை. சங்கிலி ஒரு முறை உதறி நின்றது. எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டது.

தேய்த்து முடித்த விரிப்பு ஒன்றை உதறி மடிப்பு மேசையில் விரித்தார். தூக்குச்சட்டியை அடுக்கடுக்காகப் பிரித்தார். "வாம்மா" என்றார். மடிப்புக்காரி அந்த அம்மாவைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், தன் டப்பாவை எடுத்து வந்து மூடியபடியே வைத்தாள். கொதிகலன்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டு வந்தார். தொட்டி அம்மா ஈரக் கையோடு வந்தாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"உக்காருங்க மாப்பிள்ளை" என்றார் பெரியவர், ஞாயிற்றுக்கிழமைக் குரலில். கண் மட்டும் அந்தக் குரலுக்குப் பொருந்தவில்லை. "முதல் தட்டு உங்களுக்குத்தான்."

மாப்பிள்ளை உட்காரவில்லை. பெரியவர் சாப்பிட ஆரம்பித்தார். அந்த அம்மா கையில் ஒற்றை பிஸ்கட் தட்டோடு நின்றாள்.

அப்போதுதான் வாடை வந்தது. நின்றுபோன உருளைகளுக்கு நடுவே பாதி போய்ச் சிக்கியிருந்த விரிப்பு சூட்டில் பொசுங்க ஆரம்பித்திருந்தது. உருளையைத் தூக்கும் கைப்பிடி எதுவென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் எழவில்லை. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓடினார். ஒரு கைப்பிடியை இழுத்தார், இன்னொன்றை இழுத்தார், சூட்டில் கையை உதறினார். பெரியவர் அந்தப் பக்கம் திரும்பாமல் கவளத்தை நிதானமாக மென்றார். வெள்ளைத் துணியின் நடுவில் பழுப்பு, ஓரங்களில் கறுத்துக்கொண்டு, கையகலம் பரவியது.