வடக்குச் சுவர்ப் பனி

கணவர் எல்ராய் இருந்த நாற்பத்தாறு வருடமும், நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை ஆர்டிஸ் தொட்டதில்லை. அவர் தொட விட்டதில்லை. மாதம் தவறாமல் ஃபில்டரை மாற்றி, மாற்றிய தேதியை அதன் தகரப் பக்கத்தில் கறுப்பு மையால் எழுதி வைப்பார். அந்த மனிதருக்குக் கல்யாண நாள் மட்டும்தான் மறக்கும். அவர் போன பிறகு, வரிசையில் அடுத்த தேதியை ஆர்டிஸ் எழுதினாள். கோணல்மாணலாக எழுதினாலும் ஒரு மாதம்கூட விட்டுவிடவில்லை.

மகன் கர்ட்டிஸுக்கு அது போதவில்லை. நவம்பரில், வான்கோழி விருந்தன்று, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே நிபந்தனை போட்டான். வடக்கு டகோட்டாக் குளிரில் ஃபர்னஸ் நின்றால் தண்ணீர்க் குழாயும் வெடிக்கும், ஆளும் விறைத்துப்போகும். ஆகவே இந்தக் குளிர்காலத்தில் அது ஒரு தடவை நின்றாலும் வீட்டை விற்றுவிட்டு, அம்மா பட்டணத்து முதியோர் விடுதிக்குப் போய்விட வேண்டும். அங்கே வாரம் மூன்று நாள் பிங்கோ ஆட்டம் உண்டு என்றாள் மருமகள், உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே. ஆர்டிஸ் சரியென்று தலையாட்டினாள். பிணமாகத்தான் இந்த வீட்டை விட்டுப் போவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்றிலிருந்து கைக்குழந்தையைப் போல அதைப் பார்த்துக்கொண்டாள். தீ எரிகிறதா என்று பார்க்கும் மெல்லிய கம்பியைக் கழற்றி, இரும்பு நாரால் தேய்த்து மாட்டினாள். தண்ணீர் வடியும் ட்யூபை ஊதி ஊதிச் சுத்தம் செய்தாள். வீட்டின் வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஃபர்னஸ் ஒன்றால் மூச்சை இழுத்து மற்றதால் விடும். பனி பெய்து ஓயும் போதெல்லாம் அவற்றைச் சுற்றிப் பனிவாரியால் அள்ளித் தள்ளினாள். எல்ராய்கூட இவ்வளவு செய்ததில்லை.

ஜனவரியில் இரண்டு நாள் பனிப்புயல் அடித்தது. அது ஓய்ந்த மாலையே ஆர்டிஸ் குழாய்களைச் சுத்தம் செய்துவிட்டாள். மறுநாள் அவள் எழுவதற்கு முன்பே கர்ட்டிஸ் பனியை வாரி வீசும் இயந்திரத்தோடு வந்து, வடக்குப் பக்கத்து வாசல் பாதையைச் சுத்தம் செய்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அந்த ஊரில் பிள்ளைகள் பாசத்தைக் காட்டும் விதம் அதுதான். யாரும் சொல்லிச் செய்வதில்லை, நன்றியும் கேட்பதில்லை.

பத்து மணிக்கு வீடு சில்லிட்டது. ஆர்டிஸ் கீழே ஓடினாள். ஃபர்னஸின் சிவப்பு விளக்கு மூன்று முறை மின்னி நின்றது, மறுபடி மூன்று முறை மின்னியது. மூன்று என்றால் காற்று அடைப்பு என்று மூடியின் உட்புறம் எழுதியிருந்தது.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. வடக்குச் சுவரில் அவள் மார்பளவுக்குப் பனி குவிந்து கிடந்தது. வாடைக் காற்றுக்கு எதிரே வீசினால் பனி முகத்தில் அடிக்கும் என்று, மகராசன் இயந்திரத்தின் வாயை வீட்டுப் பக்கம் திருப்பியிருக்கிறான். இருபது நிமிடம் மூச்சிரைக்கத் தோண்டினாள். குழாய் தெரிந்தது. கீழே போய் விசையை அணைத்துப் போட்டதும் ஃபர்னஸ் உறுமிக்கொண்டு எழுந்தது. சூடேறும் தகரத்தில் கையை வைத்தபடி ஆத்திரத்தில் அழுதாள்.

மத்தியானம் அவன் காபிக்கு வந்தபோது வீடு கதகதப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. ஆனால் அவன் ஒரு நிமிடமாவது கூனிக் குறுக வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

கர்ட்டிஸ் ஜன்னல் வழியே அவள் தோண்டிய பள்ளத்தைப் பார்த்தான்.

"இந்தக் குளிர்ல நீ தனியா போயி தோண்டினியா?"

"நீ மூடின, நான் தொறந்தேன். அவ்வளவுதான்."

"விழுந்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்? இதத்தான் நான் சொல்லிட்டே இருக்கேன்."

"விழலியே."

"ஃபர்னஸ் நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு."

"அப்ப, பேச்சு பேச்சுதான்."

காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தான். வீட்டுத் தரகரிடம் திங்கட்கிழமை பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆர்டிஸ் நிலவறைக்கு இறங்கி, எழுதுகோலை எடுத்து அன்றைய தேதியை எழுதினாள். அதன் கீழே, வீட்டை வாங்கப்போகிறவர்களுக்காக, கோணாமல் நிறுத்தி எழுதினாள்: "வடக்குச் சுவர்ப் பக்கம் பனியை வீசாதீர்கள். என் மகன் வீசினான்."