மச்சினன் தொப்பையும் ஜன்னல் ஃபிலிமும்

என் மனைவியின் முழங்காலைத் தொண்ணூறு டிகிரிக்கு மடக்கியது டாக்டர் இல்லை, என் மச்சினனின் தொப்பை. அதுவும் தொடாமல், தெருவில் நின்றபடியே!

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அவளுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். எழுபதுக்கு மேல் மடங்க மாட்டேன் என்று கால் அடம் பிடித்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள தொண்ணூறு வரலேன்னா, மயக்க மருந்து கொடுத்து நாங்களே மடக்கணும்" என்றார் டாக்டர். அன்றே அவளுக்குத் தூக்கம் போச்சு. பயிற்சி செய்ய முன்னறைதான் இடம். அதன் ஜன்னலோ நடைபாதையிலிருந்து ஒரு முழம். போகிற வருகிற பத்தாயிரம் பேர் (சரி, நாற்பது பேர்) எட்டிப் பார்க்கையில், நைட்டியைச் சுருட்டிக்கொண்டு யார்தான் காலைத் தூக்குவார்கள்?

மச்சினனுக்குத் திரைச்சீலைக் கடை. "கனமா ஒரு ஸ்க்ரீன் போடுங்க அத்தான்" என்றான். போட்டோம். பட்டப்பகலில் அறை இருட்டாகி, வாக்கரோடு தடுமாறினாள். ஜன்னல் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுபவரைக் கூப்பிட்டேன். மூன்று துண்டு காட்டினார். ஒன்று பனி படர்ந்த மாதிரி, வெளிச்சம் வரும், தெரு தெரியாது. ஒன்று தடிமனாக, நிறமில்லாமல்; எவனாவது கல்லெறிந்தாலும் ஜன்னல் விரிசல் விடுமே தவிரச் சிதறாது. மூன்றாவதில் அந்தத் தடிமனும் உண்டு, வெளிப்பக்கம் முகம் பார்க்கும் பளபளப்பும் உண்டு.

"பகல்ல வெளிய இருந்து பார்த்தா அவங்க மூஞ்சிதான் தெரியும். ராத்திரி உள்ள லைட் போட்டீங்கன்னா கதை தலைகீழ் சார்."

"பயிற்சி காலையிலதான். ஒட்டுங்க!"

மச்சினனுக்குப் பொறுக்குமா? "அக்கா, அது வெறும் காகிதம். ஊரே உன்னைப் பார்க்குது" என்று போனிலேயே கிளப்பிவிட்டான். அவள் தூக்கிய காலை இறக்கிவிட்டாள்.

வியாழன் காலை பிசியோதெரபிப் பெண் வந்ததும், கெஞ்சிக் கூத்தாடி என் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்தேன். பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே மச்சினன்! உள்ளே தெரிகிறதா என்று கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்ததோ அவன் உருவம் மட்டும்தான். வந்த வேலை மறந்தே போச்சு.

சீப்பை எடுத்தான். மிச்சமிருந்த ஏழு முடியையும் பாரபட்சமில்லாமல் வாரினான். பக்கவாட்டில் திரும்பி, தொப்பையை உள்ளே இழுத்தான், கண் பிதுங்கியது. அந்தக் கோலத்திலேயே ஒரு புன்னகை செய்து, இல்லாத யாருக்கோ கை கொடுத்தான். மூச்சை விட்டான். தொப்பை தொபுக்கென்று பெல்ட் மேல் வந்து உட்கார்ந்தது.

என் மனைவி சிரித்த சிரிப்பில் நாற்காலியே குலுங்கியது. குதிகால் தன்னால் பின்னே போனது. அந்தப் பெண் சட்டென்று அளவுகோலை வைத்தாள். "ஆன்ட்டி, தொண்ணூத்திரண்டு!"

உள்ளே வந்த மச்சினனிடம் நடந்ததைச் சொன்னால், இல்லவே இல்லை என்று சாதித்தான். "நானாவது, சீப்பாவது! அத்தான் ரிட்டயர் ஆனதுலேருந்து கதை கட்டுறதே வேலை."

"நாளைக்கு டாக்டர் முன்னாடியும் மடங்கணுமே" என்றாள் அந்தப் பெண். மறுபடி முயன்றதில் எண்பதுதான் வந்தது. என் மனைவியின் முகம் சுருங்கியது. "டேய், நிஜமாவே நீ ஒண்ணும் பண்ணலியாடா?"

மச்சினன் அவள் முகத்தைப் பார்த்தான், முழங்காலைப் பார்த்தான், என்னை முறைத்தான்.

"சரிக்கா. சீப்பு, தொப்பை, கை கொடுத்தது, எல்லாம் நடந்ததுதான். நாளைக்கு எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும்?"