மாப்பிள்ளை எடுத்த செமிகோலன்

தங்கையின் கணவரைச் சந்தேகப்படுவது கம்பி மேல் நடப்பது மாதிரி. வாய்விட்டுக் கேட்டால் தங்கை அழுவாள். கேட்காவிட்டால் தொழில் அழும். இணையதளம் கட்டித் தரும் அந்த இரண்டு அறை அலுவலகத்தில் மச்சான் அன்று இப்படித்தான் மாட்டிக்கொண்டார். வேலை தெரிந்தவர் மாப்பிள்ளை; முதல் போட்டவர் இவர்.

அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு பல் மருத்துவமனை. நோயாளிகளின் பதிவுகளைப் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றியிருந்தது. அதோடு பேச, இணையதளத்தை ஓட்டும் பிஎச்பி மொழிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் இணைப்பு, வேண்டும். மதியத்துக்குள் முன்பதிவுப் பக்கம் ஓடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

"போட்டாச்சு மச்சான். பிஎச்பியோட கான்ஃபிக் ஃபைல்ல எக்ஸ்டென்ஷனைக் கூப்பிடற வரிக்கு முன்னாடி செமிகோலன் இருந்துச்சு. இருந்தா அந்த வரியை அது படிக்கவே படிக்காது. அதையும் எடுத்துட்டேன்," என்றார் மாப்பிள்ளை.

பக்கத்தைத் திறந்தால், டிரைவரைக் காணோம் என்றது; அந்த எக்ஸ்டென்ஷனைத்தான் அப்படிச் சொன்னது.

மச்சான் கோப்பைப் பார்த்தார். செமிகோலன் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்துக் கேட்டார். எக்ஸ்டென்ஷன் இருக்கிறது என்று அது சத்தியம் செய்தது. பிரவுசரில் இல்லவே இல்லை. ஆளுக்கொரு பேச்சு.

கொஞ்ச நாளாகவே மாப்பிள்ளை மாடிப்படியில் நின்று போன் பேசுகிறார். இவர் தலை தெரிந்தால் குரல் தணிகிறது. போட்டிக் கம்பெனி அவரைக் கூப்பிட்டிருப்பதாகக் காதில் விழுந்திருந்தது. வேலையைக் கெடுத்துவிட்டு வாடிக்கையாளரோடு நடையைக் கட்டப் பார்க்கிறாரோ? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். தீர விசாரிக்க மச்சானுக்குப் பொறுமை இல்லை.

"நிஜமா எடுத்தீங்களா மாப்பிள்ளை?"

"நீங்களே பார்த்தீங்களே."

"பார்த்தேன், பார்த்தேன்."

மாப்பிள்ளை டீ வாங்கப் போன நேரத்தில் மச்சான் சர்வரின் பாஸ்வேர்டை மாற்றினார். திரும்பி வந்தவர் உள்ளே நுழைய முயன்றார், மறுபடி முயன்றார், நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குட்டு உடைந்ததும் ஓடிவிட்டார் என்று மச்சான் முணுமுணுத்தார். எந்தக் கோப்பைப் படிக்கிறாய் என்று பிரவுசர் வழியாக பிஎச்பியையே கேட்டார். அது காட்டிய இடம் வேறு. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்: கறுப்புத் திரைக்கு ஒன்று, வெப் சர்வருக்கு ஒன்று. மாப்பிள்ளை திருத்தியதும் இவர் சரிபார்த்ததும் முதல் கோப்பை. இரண்டாவதில் செமிகோலன் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து, சர்வரை மறுபடி ஓடவிட்டதும் முன்பதிவுப் பக்கம் திறந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. மச்சானுக்கு வெட்கமாக இருந்தது.

போனில் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, ஓடிடுச்சு. ரெண்டு ஃபைல் இருந்திருக்கு. ரெண்டு பேருமே கவனிக்கல. புது பாஸ்வேர்டு சொல்றேன், குறிச்சுக்குங்க."

"வேண்டாம் மச்சான்." குரலில் கோபமே இல்லை. "பாஸ்வேர்டு எனக்குத் தெரிஞ்சிருந்தா, அடுத்த தடவை ஏதாவது நின்னுபோச்சுன்னா உங்களுக்குத் தூக்கம் வராது. நாளையிலிருந்து நான் வரலை."

போன் அடங்கியது. வேண்டாம் என்கிறாரே, ஒருவேளை புது பாஸ்வேர்டு அவருக்கு ஏற்கெனவே தெரியுமோ என்று ஒரு கணம் மச்சானுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றிவிட்டதே என்று அவருக்கு அழுகை வந்தது.