கவர் மேல் இருந்த பெயர்

பரமசிவத்துக்கு அன்றைக்கு வந்த கோபத்தைக் கேட்கவே வேண்டாம். மராட்டிய ஊரான தாபோடியின் தபால் ஆபீஸில் வரிசையே பார்த்துக்கொண்டிருக்க, கவுண்டரில் இருந்த ஸ்டெல்லா அவர் நீட்டிய கவரைக் குப்புறக் கவிழ்த்து, விலாசம் சரியில்லை, வேறு கவரில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று இந்தியில் கடுகடுத்தாள். இருபத்தெட்டு வருஷ சர்க்கார் உத்தியோகம்! அவருக்கா விலாசம் எழுதத் தெரியாது?

அவர் வேலை பார்த்தது ஒரு சர்க்கார் கிடங்கின் தீயணைப்புப் பிரிவில். இற்றுப்போன தண்ணீர்க் குழாய்களுக்கெல்லாம் 'சோதித்தது, நல்ல நிலை' என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தார் அங்கே அதிகாரி. ஏன் என்று கேட்ட ஒருவனை அஸ்ஸாமுக்கு மாற்றிவிட்டார். அதைத்தான் பரமசிவம் டெல்லி விஜிலென்ஸ் கமிஷனுக்கு எழுதியிருந்தார். எழுதியது யார் என்று தெரிந்தால் அடுத்த மாற்றல் அவருக்குத்தான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவியை யாரிடம் விட்டுப் போவது?

கவரைத் திருப்பித் தரும்போது ஸ்டெல்லா குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னாள்.

"அண்ணாச்சி, இந்த மாதிரி புகாருக்குக் கவர் மேல உங்க பேரு இருக்கப்படாது. உள்ள மட்டும் எழுதுங்க. உங்க கிடங்கு அட்டை மாட்டுன ஆளு ஒருத்தரு பின்னால நிக்காரு."

பரமசிவத்துக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. பழக்க தோஷம்! லீவுச் சீட்டானாலும் பெயர், டோக்கன் நம்பர், பிரிவு என்று எழுதியே பழகிய கை, ரகசியப் புகாரின் கவரிலும் அத்தனையையும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தது. பின்னால் நின்றவனோ அதிகாரியின் கிளார்க் அபினவ். மூச்சுக் காட்டாமல் ஓரமாகப் போய்ப் புதுக் கவரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நாலு மாதத்தில் ஆய்வுக் குழு வந்தது. பழைய குழாய்கள் போய்ப் புதுசு வந்தன. எழுதியவன் யார் என்று அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் குடைந்தார். பரமசிவத்தின் முறை வந்தபோது அபினவ் அவர் எதிரிலேயே சிரித்தான். ஒரு கவரில் விலாசம் எழுதத் தெரியாமல் தபால் ஆபீஸில் திட்டு வாங்கிய ஆள், இவரா டெல்லிக்கு எழுதுவார் என்றான். அதிகாரி போகச் சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பரமசிவம் அழுதேவிட்டார். பெற்ற பிள்ளைகூட இப்படிக் காப்பாற்றியிருக்காது என்றார்.

மறுநாள் தபால் ஆபீஸுக்குப் போனார்.

"தாயி, அன்னைக்கு நீ மட்டும் இல்லன்னா..."

ஸ்டெல்லா முடிக்க விடவில்லை.

"உங்கள நான் பாத்ததே இல்ல, அண்ணாச்சி. என்ன வேணும், சொல்லுங்க."

இன்னமும் அவள் காவல் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கும்பிட எடுத்த கையை இறக்கிக்கொண்டு, ஒரு கவர் கொடு தாயி என்றார்.