பஸ்ஸில் சொன்ன முடிவுகள்

கதையின் முடிவைப் போட்டு உடைப்பவர்களை என் கண்ணில் காட்டக்கூடாது. இலுப்பைக்கடவையில் ஒரு சின்ன நூலகத்தில் சிறுவர் பகுதி என் பொறுப்பு. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். படம் போட்ட புத்தகத்தை எடுக்க அந்த வயதுக்கு வெட்கம், பெரியவர்களின் நாவலோ எட்டாது. இடையில் நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்கென்றே எழுதிய நாவல்கள் ஓர் அலுமாரி நிறைய என்னிடம் இருக்கின்றன. ஆனால் "நல்ல புத்தகம், கொண்டுபோய்ப் படி" என்று நீட்டிப் பாருங்கள், பாகற்காயைக் கண்டதுபோல முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் நான் புத்தகத்தை நீட்டுவதில்லை. கதையைச் சொல்லத் தொடங்குவேன். பாழுங்கிணற்றில் விழுந்தவன் அண்ணாந்து பார்க்கிறான், மேலே யாரோ எட்டிப் பார்க்கிறார்கள் என்ற இடம் வந்ததும் வாயை மூடிவிடுவேன். "பிறகு, மிஸ்?" என்று பிள்ளைகள் கத்துவார்கள். "பிறகு புத்தகத்துக்குள்ள கிடக்கு" என்பேன். ஆளுக்காள் அடிபட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். இந்த வேலையில் எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

டிலக்சனா மட்டும் அப்படியும் மசியாத பிள்ளை. ஆறாம் வகுப்பு. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள் என்பதால் புத்தகத்தைக் கண்டாலே ஓட்டம். ஒருநாள் நல்ல மழை, வெளியே போக முடியாமல் என்னிடம் அகப்பட்டுக்கொண்டாள். தொலைந்துபோன எருமைக் கன்றைத் தேடிக் காட்டுக்குள் போகும் அக்காவையும் தம்பியையும் பற்றிய நாவல் ஒன்றைச் சொன்னேன். கன்றின் கழுத்துமணி பற்றைக்குள் கிடக்கிறது, கன்றைக் காணவில்லை. அந்த இடத்தில் நிறுத்தினேன். அவள் வீட்டிலும் எருமைகள் உண்டு. முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"மிஸ், கன்று செத்துப்போச்சோ?"

"வாசிச்சுப் பார்."

"நான் வாசிச்சு முடிக்க மாதக்கணக்காகும்."

"ஆகட்டுமே. கன்று அங்கதான் நிக்கும்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் கெஞ்சினாலும் முடிவைச் சொல்லிப்போடாதேங்கோ. சத்தியம் பண்ணுங்கோ."

அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்று தொடங்கி நாள்தோறும் பள்ளிக்கூடம் விட்டு நேரே என்னிடம் வருவாள். "இண்டைக்கு அவை ஆத்தைக் கடந்திட்டினம், மிஸ்." "தம்பிக்காரனுக்குக் காய்ச்சல், மிஸ்." வரிக்கு வரி விரலை வைத்து வாசித்தவள் ஒருநாள் விரலை எடுத்துவிட்டாள். அவளுக்கே அது தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கியது. இடையில் உண்மையாகவே கெஞ்சினாள், நானும் அசையவில்லை. ஒரு நாவலை முழுசாக முடித்துவிட்டால் போதும், இனி இவளை யாராலும் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

இத்தனை முடிவுகளையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனுசி எப்படித்தான் இருப்பது? ஒரே ஒருத்தியிடம் கொட்டினேன். யதுர்சிகா. டிலக்சனாவின் வகுப்பாசிரியை, என்னைவிட இளையவள். இருவரும் மன்னாரிலிருந்து காலையில் ஒரே பஸ். யன்னல் ஓரத்துச் சீற்றில் தன் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். பாலம் தாண்டும்போதே தொடங்கிவிடுவாள். "அக்கா, நேற்று விட்ட இடத்திலயிருந்து சொல்லுங்கோ." வளர்ந்தவள், ஆசிரியை, அவளுக்கு முடிவைச் சொல்வதில் என்ன வந்தது? நானும் குரலை ஏற்றி இறக்கி, அழுகிற இடத்தில் அழுது, முழுக்கதையும் சொல்வேன். "பிறகு, அக்கா?" என்பாள். அந்த ஒரு சொல்லில் நான் உருகிப்போவேன். கூடப்பிறக்காத தங்கை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

வாசிப்பு மாதம் வந்தது. சிறுவர் நாவல்களைப் பற்றிய வினாப் போட்டியில் யதுர்சிகாவின் வகுப்பு கல்வி வலயத்திலேயே முதலிடம். சந்தோசம் தாங்காமல் கேக் வாங்கிக்கொண்டு போய் அந்தப் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்தவள் நான். "எல்லாம் உங்களாலதான், அக்கா" என்று கட்டிப் பிடித்தாள். பெருந்தன்மை என்று நினைத்தேன். விசரி நான்.

அதற்குப் பிறகு ஒரு பின்நேரம் டிலக்சனா வந்து புத்தகத்தை மேசையில் வைத்தாள். அடையாளத்துக்கு வைத்த பஸ் ரிக்கெற் நடுப்பக்கத்திலேயே நின்றது.

"ஏனடி, முடிக்கேல்லையே?"

"நீங்கள்தான் சொல்லிப்போட்டியளே."

"நானோ? எப்ப?"

அவளை ஏற்றிப்போக வந்த தாய் வாசலில் சைக்கிளோடு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "ஓம் மிஸ், யதுர்சிகா ரீச்சர் போட்டி நேரம் நீங்கள் சொன்ன கதையளை வகுப்பு வட்ஸ்அப் குழுவில போட்டவ. என்ன வடிவாச் சொல்லுறியள்! இவள் பக்கம் பக்கமா மினைக்கெட்டுக் கொண்டிருந்தாள். நேற்றுத்தான் கண்டு, இந்தா கேளடியெண்டு போட்டுவிட்டனான்."

போனை என் காதருகே பிடித்தார். என் குரல். பஸ் ஹோர்ன், "விடத்தல்தீவு இறங்குறாக்கள் முன்னுக்கு வாங்கோ" என்ற கொண்டக்டரின் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் என் குரல், எருமைக் கன்றின் கதையை முடிவு வரைக்கும் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது. நான் மூச்சு வாங்கும் இடமெல்லாம் யதுர்சிகா, தேனொழுக: "பிறகு, அக்கா?" அலுமாரியிலிருந்த மற்றக் கதைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அந்தக் குழுவில் கிடந்தன.

"நான் உனக்குச் சொல்லேல்லையடி டிலக்சனா, அது வேற ஆளுக்கு..." என்றேன்.

"உங்கட குரல்தானே, மிஸ்" என்றாள்.



மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினால், யன்னல் ஓரத்தில் அதே கைப்பை, அதே சிரிப்பு. நான் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டேன். "உந்தப் பைக்குள்ள போனை வச்சுத்தானே என்ர கதையளைப் பிடிச்சனீர்?"

"ஐயோ அக்கா, இதுக்கே கோபம்? பிள்ளையள் வெல்லட்டுமெண்டுதானே செய்தனான். எல்லாரும் உங்களைத்தான் புகழுகினம்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீரோ?"

"கேட்டா நீங்கள் விடமாட்டியள் எண்டு தெரியும்."

தெரிந்துதான் செய்திருக்கிறாள்! அதுவரை 'நீர்' என்று மரியாதையாகப் பேசிய வாய் அதோடு மாறிவிட்டது. "நீ அந்த அலுமாரியில ஒரு புத்தகமாவது வாசிச்சனியோ?"

"எனக்கு எங்க அக்கா நேரம்? பாடம், கூட்டம், போட்டி..."

"அப்ப பிறகு பிறகு எண்டு கேட்டதெல்லாம்?"

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். பார்க்கட்டும். முடிவைத் திருடியதைக்கூட ஒருவேளை மறந்திருப்பேன். நான் சொல்லச் சொல்ல ஆசையாகக் கேட்கிறாள் என்றுதானே இத்தனை நாளும் குளிர்ந்துபோய் இருந்தேன்! அவள் கேட்கவே இல்லை, பைக்குள் இருந்த போன்தான் கேட்டது. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். இலுப்பைக்கடவை வரை நின்றுகொண்டே போனேன். கால் உளைந்தது, ஆனாலும் அந்தச் சீற்றில் இருக்க மனம் வரவில்லை.

டிலக்சனா அந்தக் கிழமை முழுக்க வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை தாய் வரப் பிந்தியதால் நூலகத்துக்குள் வந்து நின்றாள். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. விடுவேனா நான்? வெளிச்சவீட்டில் தனியே வளரும் ஒரு பிள்ளையைப் பற்றிய நாவல், அலுமாரியிலேயே எனக்கு மிகப் பிடித்தது. புயலடிக்கும் இரவு, விளக்கு அணைந்துவிட்டது, தூரத்தில் ஒரு வள்ளம் தடுமாறுகிறது என்று உயிரைக் கொடுத்துச் சொன்னேன். நிறுத்தும் இடத்துக்கு வருமுன்பே அவள் குறுக்கே கேட்டாள்.

"மிஸ், இதின்ர முடிவும் உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? வாசிச்சனான்தானே."

அவள் அலுமாரியை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை பார்த்தாள்.

"நீங்கள் வாசிக்காத புத்தகம் ஏதும் இருக்கோ?"

நானும் அலுமாரியைப் பார்த்தேன். நான் வாசிக்காமல் ஒரு புத்தகத்தையும் எந்தப் பிள்ளையின் கையிலும் கொடுத்ததில்லை. அதைப் பெருமையாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒரு பொய்யைச் சொல்லி ஏதாவதொன்றை எடுத்து நீட்டியிருக்கலாம். அவளிடம் அது முடியவில்லை.

"இல்லையடி" என்றேன்.

"அப்ப எனக்கு ஒண்டும் வேண்டாம், மிஸ்."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சாமான் இல்லை என்றால் திரும்பிப் போகிறவர்கள் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு புத்தகப்பையை முதுகில் போட்டுக்கொண்டு வெளியே போய், தாய் வரும்வரை வெயிலில் நின்றாள்.