மூன்றாவது ஓலை

ஏலாக்குறிச்சி மாதா கோவிலில் நான்சியின் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவதும் தடையில்லாமல் முடிந்தால்தான் தாய் ஆனி ரோஸுக்கு உயிர் வரும். ஆனால் தம்பி பொண்டாட்டி விண்ணரசி சும்மா இருப்பாளா?

போன மாதம் திருச்சியில் தம்பி பெனடிக்ட்டின் இதயத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். உடம்புக்குள் 'வளரு, வளரு' என்று சேதி சொல்லும் நொதி ஒன்று உண்டாம். அதை அடக்கி வைக்கிற மரபணு அவனுக்குப் பழுதாம். பி.ஆர்.கே.ஏ.ஆர்.1ஏ என்று வாயில் நுழையாத பெயர். ரத்த சொந்தங்கள் எல்லாரும், முக்கியமாக அவனைப்போல உதட்டில் கறுப்புப் புள்ளி உள்ளவர்கள், உடனே ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து விண்ணரசி விடாமல் போன் போட்டாள்.

"அண்ணி, நான்சியக் கூட்டிக்கிட்டு ஒரு நடை திருச்சிக்கு வந்துட்டுப் போங்க."

"கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்."

ஆனி ரோஸுக்கா தெரியாது? விண்ணரசிக்குத் தன் மகன் ஆண்ட்ரூஸுக்கு நான்சியைக் கேட்டுக் கிடைக்காத வயிற்றெரிச்சல். முறைமாப்பிள்ளை இருக்க வெளியில் கொடுத்தால் பொறுப்பாளா? மரபணுவாம், மண்ணாங்கட்டியாம்!

மூன்றாவது ஞாயிறு சாமியார் ஓலையை வாசித்துவிட்டு, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார். ஆனி ரோஸ் பீடத்தைப் பார்க்கவேயில்லை. முன்வரிசையில் இருந்த விண்ணரசியின் முதுகையே முறைத்தாள். அந்த முதுகு அசையவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பூசை முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, வாயே தொறக்கல? மாப்பிள்ளை வூட்டுல ரகசியமா ஓதிவிட்டுட்டியா?"

விண்ணரசிக்குக் கண் கலங்கியது. "யாருகிட்டயும் மூச்சு விடல அண்ணி. ஆண்ட்ரூஸுக்கும் அந்தப் பழுது இருக்குன்னு ரிசல்ட் வந்துடுச்சு. கட்டி இன்னும் வரல. நம்ம நான்சிக்கு எப்புடியோன்னு பதறித்தான் கூப்புட்டேன்."



அப்போது கீழே இறங்கிப் போயிருந்த நான்சி அம்மாவைத் தேடி மறுபடி படியேறி வந்தாள். நாலே படிதான். கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள். கல்யாண அலைச்சல் என்று இத்தனை நாளும் ஆனி ரோஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மூச்சு அது.

முந்தானையை எடுத்து மகளின் உதட்டை அழுத்தித் துடைத்தாள். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அவளே தினமும் பூசிவிட்ட லிப்ஸ்டிக். அடியில், தம்பிக்கு இருப்பதுபோலவே, கறுப்புப் புள்ளிகள்.

"என்னம்மா பண்றீங்க?"

ஆனி ரோஸ் விண்ணரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திருச்சிக்கு இப்பவே பஸ் இருக்காடி? மாப்பிள்ளை வூட்டுக்கு நானே சொல்லிடுறேன்."