பின் சீட்டில் சாரா

என் மனைவி ரோலினுக்கு ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ஐம்பது வயது நிறைகிறது என்பதால்தான் மகள் மிர்தேவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் குரோஷியாவுக்குக் கிளம்பினோம். கடல் பார்க்க அல்ல, ஊரிலிருந்து தப்பிக்க.

எங்கள் ட்ரெந்தே மாகாணத்துப் பக்கம் ஒரு பெண்ணுக்கு ஐம்பது நிறைந்தால், அன்று விடிவதற்குள் அவள் வீட்டு வாசலில் ஆள் உயரக் கிழவி பொம்மை ஒன்றை உட்கார வைத்துவிடுவார்கள். வைக்கோல் அடைத்த உடம்பு, தலையில் முக்காடு, மூக்குக் கண்ணாடி, கையுறை. பெயர் சாரா, பைபிளில் வரும் கிழவியின் பெயர். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஹாரன் அடித்துச் சிரிப்பார்கள். ரோலினுக்குச் சிரிப்பு வராது. அவள் அம்மா நாற்பத்தொன்பதில் இறந்துபோனாள்.

"எங்கம்மா பார்க்காத வயச நான் பார்க்கப் போறேன். அதுவே எனக்குத் தாங்கல. பொம்மை வேற வேண்டாம் ஹார்ம். சத்தியம் பண்ணு," என்றாள். பண்ணினேன்.

என் அக்கா ஃபென்னா பண்ணவில்லை. கிளம்புகிற அன்று காலை, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் எங்கள் கேரவனுக்குள் ஏறி, தான் தைத்த சாராவைக் கட்டிலில் படுக்க வைத்துப் போர்வை போர்த்திவிட்டாள். "வழக்கத்த விட்டா தெருவுல என்ன பேசுவாங்க? அங்க போய் வாசல்ல வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு." அக்காவை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் புதிதாக ஆரம்பிக்கவா முடியும்?

ஜெர்மனி முழுக்க ரோலினைக் கேரவனுக்குள் விடாமல் காப்பாற்றினேன். காபி கேட்டால் நானே ஓடிப்போய்ப் போட்டுக் கொண்டுவந்தேன். மதியம் உருளைக்கிழங்கும் நானே வேக வைத்தேன். வெளிநாட்டு உருளைக்கிழங்கை நம்ப முடியாது என்று வீட்டிலிருந்தே முப்பது கிலோ ஏற்றியிருந்தோம். கல்யாணமான இருபத்துநான்கு வருடத்தில் நான் இவ்வளவு வேலை பார்த்ததில்லை. ரோலின் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஆஸ்திரியாவில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். காரைச் சுற்றி வந்து, கேரவன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தாளில் ஏதோ எழுதினார்.

"உள்ள ஒரு அம்மா படுத்திருக்காங்க. இழுத்துட்டுப் போற வண்டியில ஆள் ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?"

"அது ஆள் இல்லீங்க," என்றேன் மெதுவாக. "பொம்மை."

அவர் ஏறிப் போய்ச் சாராவின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு இறங்கினார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நான் நாலு பேர்னு எழுதிட்டேனே."

"அடிச்சு மூணுன்னு போடுங்க."

"இந்தத் தாள்ல அடிச்சுத் திருத்தக் கூடாது. நாலு பேர்னா நாலு பேர். பின்னாடி உட்கார வச்சு பெல்ட் போடுங்க. நான் பார்த்த பிறகுதான் வண்டி நகரணும்."

அப்படித்தான் சாரா என் மகள் மிர்தேவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரோலின் திரும்பிப் பார்த்தாள்.

"ஃபென்னாதான்..." என்று ஆரம்பித்தேன்.

"சத்தியம் பண்ணினது ஃபென்னாவா, நீயா?"

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பதினாறு வயது மிர்தேவுக்கு மட்டும் கொண்டாட்டம். தன் இயர்போனில் ஒன்றைச் சாராவின் காதில் சொருகிவிட்டு, "அப்பா, இந்தக் கார்ல சண்டை போடாம வர்றது இவங்க ஒருத்தர்தான்," என்றாள்.

ஸ்லோவேனியாவில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில், மர பெஞ்சில் சாராவை உட்கார வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். ரோலின் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக இருபது கிலோமீட்டர் போயிருப்பேன். பின்னால் ஒரு சின்ன கார் விளக்கை மினுக்கி மினுக்கி ஹாரன் அடித்தது. ஓரம் கட்டினேன். பங்கில் வேலை பார்த்த பெண் இறங்கி வந்தாள். அவள் காரின் முன் சீட்டில், பெல்ட்டோடு, சாரா.

"பெத்த அம்மாவ வெயில்ல உட்கார வச்சுட்டு எப்படி மறந்து போவீங்க? தண்ணி குடுத்தா குடிக்க மாட்டேங்கிறாங்க, பேச மாட்டேங்கிறாங்க. அவ்வளவு மனசு நொந்து போயிருக்காங்க."

பொம்மை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அவள் என்னை விட்டுவிட்டு ரோலினிடம் திரும்பினாள். "உங்க அம்மாவா?"

ரோலின் கதவைத் திறந்து இறங்கினாள். பிறகு, "ம்," என்றாள். சாராவைத் தானே தூக்கிக் கொண்டுவந்து பின் சீட்டில் வைத்தாள். கோணியிருந்த மூக்குக் கண்ணாடியையும் சரி செய்தாள்.

குரோஷியாவில் கடலோர முகாமுக்குள் நுழைந்தபோதுதான் எங்கள் புத்திசாலித்தனம் புரிந்தது. வரிசையாக நின்ற கேரவன் அத்தனையும் எங்கள் நாட்டு நம்பர். பக்கத்து இடத்துக்காரர் எங்களுக்கு மூன்று கிராமம் தள்ளி. ஒன்பதாம் தேதி காலை மிர்தே காகிதக் கொடிகளைக் கட்டியதுதான் தாமதம், பத்து மணிக்கு ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வந்து வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கள் ஆட்கள் பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லி நிறுத்துவதில்லை. வட்டத்தில் இருக்கிற சொந்தம் ஒருவர் விடாமல் கை குலுக்க வேண்டும். "மனைவிக்கு வாழ்த்துகள்" என்று எனக்கு, "அம்மாவுக்கு வாழ்த்துகள்" என்று மிர்தேவுக்கு.

வாழ்த்து நடுவே ரோலின் என் பக்கம் திரும்பினாள். "அவங்க கார்லயே கிடக்கிறாங்க. வெந்துபோயிடுவாங்க. வெளிய உட்கார வை." இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஓடிப்போய் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

கடைசியாக வந்தவர் ஓஸ்டிங் என்ற பெரியவர். எண்பத்தேழு வயது, கண் பார்வை மங்கல். நாற்காலி நாற்காலியாகத் தடவிக்கொண்டு எல்லோருக்கும் கை குலுக்கி வந்தவர், சாராவின் முன் குனிந்தார். வைக்கோல் அடைத்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மகளுக்கு வாழ்த்துகள்மா. நல்லா வளர்த்திருக்கீங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. ரோலின் எழுந்து போய்க் கேக்கில் ஒரு துண்டு வெட்டி, தட்டில் வைத்துச் சாராவின் மடியில் வைத்தாள். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"முப்பது வருஷமா எங்கம்மாகிட்ட இத யாரும் சொன்னதில்ல," என்றாள். அழுதாள். நானும்தான் அழுதேன்.

"கை ரொம்ப இளைச்சிருக்கு," என்றார் ஓஸ்டிங், தன் நாற்காலியைத் தேடியபடி. "சாப்பிடச் சொல்லுங்க."

ஊர் திரும்பும் நாளில் உருளைக்கிழங்கு தீர்ந்துபோயிருந்ததால் கேரவனில் நிறைய இடம் இருந்தது. சாராவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ரோலின் காரின் பின் கதவைத் திறந்து பிடித்தாள். உட்கார வைத்துவிட்டு வந்து சாவியைத் திருகினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மாவுக்கு பெல்ட் போட்டியா?"